இரண்டு அங்குலம்

எலும்பின் உறுதியைச் சோதிக்க விம்பிள்டன் பக்கத்து கிளினிக் ஒன்றுக்குப் போயிருந்தேன். மனைவியும் கூட வந்தாள். தாதி யாழ்ப்பாணத்துக்காரர், நரைத்த கொண்டை, தடித்த கண்ணாடி. எழுதுவது எதையும் சத்தமாக வாசித்துக் காட்டுவது அவர் பழக்கம்.

“கலியாணம் கட்டேக்க எவ்வளவு உயரம் இருந்தனீங்கள், அண்ணை?”

“ஐஞ்சடி எட்டு.”

பெண் பேசியபோது சொன்ன உயரம் அது. முப்பது வருடமாக நானும் அதை விட்டுக்கொடுக்கவில்லை.

சுவரோடு நிற்கவைத்து அளந்தார். “ஐஞ்சடி ஆறு,” என்று வாசித்தவரின் முகம் மாறியது. “ரெண்டு அங்குலம் குறைஞ்சிட்டுது. முள்ளந்தண்டு எலும்பு எங்கையோ நொறுங்கியிருக்கலாம். எக்ஸ்ரே எடுக்கோணும்.”

மனைவி என் கையைப் பற்றினாள். அதற்குமேல் எனக்குத் தாங்கவில்லை.

“எலும்பு ஒண்டும் நொறுங்கேல்லை. அப்பவும் நான் ஐஞ்சடி ஆறுதான்.”

தாதி சிரிக்கவில்லை. எட்டை வெட்டிவிட்டு ஆறு என்று எழுதினார். “குறைவு ஒண்டும் இல்லை,” என்று நிதானமாக வாசித்தார்.

மனைவி கையை எடுத்துக்கொண்டாள். திரும்பும்போது ட்ராமில் ஏறினோம். பாதி வழியில் சிரிக்கத் தொடங்கியவள் இறங்கும்வரை நிறுத்தவில்லை.

தாதி ‘குறைவு ஒண்டும் இல்லை’ என்றது என் முள்ளந்தண்டைப் பற்றியா, என்னைப் பற்றியா என்பதுதான் இன்னும் விளங்கவில்லை.