சீர்க்குடத்துச் சிங்கங்கள்

எனக்கு வயது எழுபத்தெட்டு. வளர்த்தது ஐந்து. பெற்றது ஒன்றுமில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் கேட்க வேண்டாம்.

அம்பாசமுத்திரத்திலிருந்து முக்கூடலுக்கு நான் வாழ வந்தபோது அப்பா போட்ட சீரில் ஒரு பித்தளைக் குடம் இருந்தது. அதன் கழுத்தில் என் பேரை வெட்டச் சொல்லி, வெட்டி முடிகிற வரைக்கும் பக்கத்திலேயே நின்று வாங்கி வந்தார். எனக்குப் படிப்பு கிடையாது. என் பேரை மட்டும் அந்தக் குடத்தைப் பார்த்துத்தான் படித்தேன். அப்பா போன பிறகு, இவள் வெறுங்கையோடு வந்தவள் இல்லை என்று அந்த வீட்டில் சொல்ல அது ஒன்றுதான் எனக்கு இருந்தது.

எனக்குப் பிள்ளை தங்கவில்லை. ஜெர்மன் சண்டைக்கு முந்தின வருஷம் என் வீட்டுக்காரருக்கு இரண்டாந்தாரம் பேசினார்கள். பெண் ஏழை வீடு. அதனால் பெண்ணோடு சீராக வர வேண்டிய தேக்கு அலமாரியை எங்கள் வீட்டிலேயே செய்தார்கள். மேலே இரண்டு கதவு, கீழே வரிசையாக இழுப்பறைகள். எல்லாம் முடிந்து கைப்பிடி மட்டும் பாக்கி. பெண் வீட்டார், “மூத்தவளுக்கு இதுல மனசுதானா?” என்று ஆள்விட்டுக் கேட்டிருந்தார்கள். மாமியார் சொன்ன பதில்: “கைப்பிடியே அவதான் பாத்து எடுக்கப் போறா.”

வண்டி கட்டித் திருநெல்வேலிக்குப் போனோம். பித்தளை வார்க்கிற கன்னார் மாதிரிகளைச் சாக்கில் பரப்பினார். கிளி, அன்னம், தாமரை மொட்டு, வாயில் வளையம் கவ்விய சிங்கமுகம். நான் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தேன். அவசரப்படவில்லை.

“ஏட்டி, பிள்ளை பெறத்தான் தெரியல. ஒரு பிடி பாக்கவுமா தெரியாது?” என்றார் மாமியார், தெருவுக்கே கேட்கும்படி.

கன்னார் தலையைக் குனிந்துகொண்டு, “பழைய பித்தளை கொண்டாந்திருக்கியளா ஆச்சி?” என்று கேட்டார். மாமியார் வண்டியில் வைக்கோலை விலக்கி எடுத்து வைத்தார். என் குடம்.

கன்னார் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். “பேரு வெட்டியிருக்கே. பேருக்கு உடையவுக வாயால சொல்லாம நான் உலையில போடுததில்ல.”

“அவ சொல்லுவா,” என்றார் மாமியார். பிறகு என் காதோடு பைய, “சொல்லலைன்னா இதே வண்டியில அம்பாசமுத்திரம் போயிரு. ஒங்க மதினிமாரு ஆரத்தி எடுப்பாளுவ.”

எங்கள் மதினிமாரைப் பற்றி அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

“போடுங்க,” என்றேன். “எது ரொம்பக் கனம்?”

“சிங்கமுகந்தான் தாயி. உள்கூடு கிடையாது, முழு வார்ப்பு. ஆனா குடம் பூரா அதுக்கே சரியாப் போகும்.”

“அதையே போடுங்க.”

மிச்சத்தில் ஒரு கரண்டியாவது வார்க்கலாம் என்று மாமியாருக்கு எண்ணம். முகம் சுண்டிப்போயிற்று. மூத்தவளே எடுப்பாள் என்று பெண் வீட்டாருக்குச் சொன்ன சொல் இருந்ததால் தடுக்க முடியவில்லை. என் அப்பா கொடுத்ததில் ஒரு பொட்டு அவர் அடுப்படிக்குப் போகவில்லை.

புதுப்பெண் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று அலமாரியைச் சுற்றிக் கூட்டம். புதுப்பெண்ணின் சித்தி ஒரு சிங்கத்தைத் தடவிப் பார்த்து, “எந்தக் கடையில எடுத்திய?” என்று கேட்டாள். மாமியாருக்குப் பெருமை தாங்கவில்லை. “எங்க மூத்தவகிட்டயே கேளுங்க,” என்று என்னைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினார்.

“கடையில எடுக்கல,” என்றேன். “எங்க அப்பா எனக்குப் போட்ட சீர்க்குடத்த உருக்கி வார்த்தது.”

சித்தி கையைச் சட்டென்று எடுத்துச் சேலையில் துடைத்தாள். “பிள்ளையில்லாதவ பித்தளையையா எங்க பிள்ளை அலமாரியில வச்சிருக்கிய? விளங்குமா? கழத்துங்க. கழத்தாம இவ இங்கன ஒரு வாய் பால் குடிக்க மாட்டா.”

என் வீட்டுக்காரர் மாப்பிள்ளை வேட்டியோடு உட்கார்ந்து, திருப்புளியால் ஒவ்வொன்றாகக் கழற்றினார். கழற்றியதை எல்லாம் என் மடியில் போட்டார். முகத்தைப் பார்க்கவில்லை.

மாமியாருக்கு அந்த அவமானம் ஆறவே இல்லை. அதைப் புதியவள் மேல்தான் தீர்த்தார். “ஒங்க சித்தி வாயால போச்சு. இனி அதுக்கு ஒரு பிடியும் கிடையாது,” என்று சொல்லிவிட்டார். அந்தப் பெண் ஓட்டைகளில் சணல் கயிற்றைக் கோத்து இழுத்துத் திறந்தாள். மழைக்காலத்தில் தேக்கு இறுகும், கயிறு அறுந்துபோகும். அப்போது நகத்தால் நெம்புவாள். ஒருநாள் விரலில் ரத்தத்தோடு என்னிடம் வந்தாள்.

“அக்கா, அந்தச் சிங்கத்தைத் தாங்களேன்.”

“பிள்ளையில்லாதவ பித்தளை. ஒனக்கு ஆகாது,” என்றேன்.

பிறகும் கேட்டாள். கேட்கும்போதெல்லாம் அதே பதில். வயிற்றில் ஒன்று, இடுப்பில் ஒன்று என்று அவள் கயிற்றை இழுப்பதை மாமியாரும் பார்ப்பார், நானும் பார்ப்பேன்.

ஐந்தாவது பிரசவத்தில் அவள் போய்விட்டாள். பச்சைப் பிள்ளையை மாமியார் தூக்கிக்கொண்டு வந்தார். என் கை படக்கூடாது என்று நாலு பிள்ளைகளையும் ஒளித்து ஒளித்து வைத்தவர்தான். “நீதாம்மா பாக்கணும்,” என்றார். அதுவரைக்கும் என்னை அம்மா என்று சொன்னதில்லை.

“ஆசாரியக் கூப்பிட்டு விடுங்க,” என்றேன். “மொதல்ல சிங்கத்தப் பூட்டணும்.”

பிள்ளை பாலுக்கு அழுதுகொண்டிருந்தது. ஆசாரி வந்து, கடைசிச் சிங்கம் ஏறின பிறகுதான் வாங்கினேன். மாமியார் அதுவரைக்கும் ஏந்திக்கொண்டே நின்றார். அந்த அலமாரி இன்றைக்கும் என் தலைமாட்டில்தான் நிற்கிறது. புளி போட்டு நானே துலக்குகிறேன்.

இவ்வளவுதான். ஏட்டி, நான் சொன்னதை எல்லாம் எழுதினியா? வாசி, கேப்போம். சித்தி சொன்ன இடத்துல மென்னு முழுங்காத. கயிறு இழுத்தவ ஒன்னப் பெத்தவனப் பெத்தவதான். இருந்தாலும் சத்தமா வாசி.