சாம்பிளுக்கு ஒரு டயர்

டயர் கடைக்கு யாரும் ஆசையாக வருவதில்லை. பல் டாக்டரிடம் போகிற முகத்தோடுதான் வருவார்கள். கவுன்டருக்கு இந்தப் பக்கம் நின்று சம்பளம் வாங்குகிற உங்களுக்கு நான் சொல்லப்போவது புதிதாக இருக்காது. மருந்துக் கடையோ மொபைல் கடையோ, உங்களிடமும் இப்படி ஒருவர் வந்து உங்கள் உயிரை வாங்கியிருப்பார். என்னிடம் அவர் ஒரு மஞ்சள் நிற ஸ்போர்ட்ஸ் காரில் வந்தார்.

வேற ஆள் இல்லீங்களா

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஊர் மங்கலம். அப்பா விசைத்தறியில் கூலிக்கு ஓட்டுகிறார். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான், மெக்கானிக்கல் இன்ஜினியரிங். திருப்பூரில் பல்லடம் ரோட்டில் இருக்கும் சலீம் பாயின் டயர் கடையில், வருகிறவர்களுக்கு எந்த டயர் பொருந்தும் என்று சொல்வது என் வேலை. ஆறு மாதம் தற்காலிகம். அதன் பிறகு வைத்துக்கொள்வதும் அனுப்பிவிடுவதும் பாய் கையில். வேலை போனால் வீட்டில் என்ன சொல்வது என்று முதல் நாளிலிருந்தே ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தவள் நான். கீழே வருவதெல்லாம் ஆறாவது மாதத்தில் நடந்தது, இந்த ஒன்றைத் தவிர.

இது முதல் வாரம். சாமளாபுரத்திலிருந்து ஒருவர் சரக்கு வண்டிக்கு டயர் வாங்க வந்தார். என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "வேற ஆள் யாருமில்லீங்களா?" என்றார். நான்தான் என்றேன். அவர் ஏற்றும் பாரம், போகும் ரோடு எல்லாம் கேட்டு ஒரு டயரை எடுத்துக் காட்டினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, நேராக எங்கள் ஃபிட்டர் முன்னாவிடம் போய், "அந்தப் புள்ள சொல்றது சரிதானுங்களா?" என்றார். முன்னா பீகாரிலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கேள்வியில் ஒரு சொல்லும் புரியாமல் பெரிதாகத் தலையாட்டினான். அவர் திரும்பி வந்து என்னிடம் சொன்னார்: "அவரே சொல்லிட்டாரு, அப்பச் சேரிங்க அம்மிணி, போட்டுருங்க."

மஞ்சள் கார்

அந்த ஸ்போர்ட்ஸ் காரில் வந்தவர் கிஷோர், பனியன் ஏற்றுமதி செய்கிற குடும்பம். வயது முப்பதைத் தாண்டியிருக்காது. இரண்டே கதவு உள்ள அந்தக் கார் வந்து நின்றபோது, பக்கத்து டீக்கடையில் இருந்தவர்கள் டம்ளரோடு எழுந்து வந்து பார்த்தார்கள். டயர் நான்கும் தேய்ந்து போயிருந்தன. கம்பெனியிலிருந்து வந்த அதே சம்மர் டயர் வேண்டும் என்றார். பாய் அதை ஸ்டாக்கில் வைத்திருந்தார். அந்த அளவுக்கு வேறு கார் ஊரில் அதிகம் இல்லாததால் அது வெகுநாளாக மூலையில் கிடந்தது. எடுத்துக் கொடுத்திருந்தால் அத்தோடு வேலை முடிந்திருக்கும். நான், "எங்கெல்லாம் ஓட்டுவீங்க?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

அவர் மனைவி ஊட்டியில் ஒரு பள்ளியில் ஆசிரியை. குழந்தையும் அங்கேதான். சனிக்கிழமை விடியலில் மேலே ஏறுவார், திங்கட்கிழமை விடியலில் இறங்கி நேராக ஃபேக்டரிக்கு வருவார். "போன வாரம் எறங்கறப்ப ஒரு வளைவுல பின்னாடி லேசா வழுக்குச்சுங்க. பனி கொட்டிக் கெடந்துச்சு" என்று சாதாரணமாகச் சொன்னார்.

தெரிந்ததைச் சொன்னேன். சம்மர் டயரின் ரப்பர் நம் ஊர்ச் சூட்டில் அருமையாகப் பிடிக்கும், மழையிலும் பிடிக்கும். ஆனால் குளிர் கூடினால் விறைத்துப்போகும். ஆல் சீசன் டயர் அந்தக் குளிரிலும் ஓரளவு இளக்கமாக இருக்கும், அதிக நாள் உழைக்கும். ஆனால் வெயிலில் பிடிப்பு கொஞ்சம் குறைவு, திருப்பும்போது அந்தக் கூர்மை இருக்காது. திருப்பூருக்குள் மட்டும் ஓட்டுவதாக இருந்தால் சம்மர் டயரைத்தான் தருவேன், வாராவாரம் விடியற்காலையில் மலை இறங்குவதாக இருந்தால் ஆல் சீசன் போடுங்கள் என்றேன். நான் முடிக்கும்வரை காரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மனம் நொந்த குரலில் கேட்டார்: "ஏனுங்க, கல்யாண மாப்பிள்ளைக்கு யாராச்சும் ஸ்வெட்டர் போட்டு விடுவாங்களா?"

தடவிப் பார்த்தல்

மறுநாள் அவர் அப்பாவைக் கூட்டி வந்தார். பழனிசாமி ஐயா. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. நாற்பது வருடம் துணியைத் தொட்டுப் பார்த்தே வாங்கிய கை. ஆல் சீசன் டயர் ஒன்றைக் கீழே இறக்கச் சொல்லி, குனிந்து, அதன் ஓரத்தைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து நிமிண்டினார். அடுத்து சம்மர் டயரை நிமிண்டினார். மறுபடி இது, மறுபடி அது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு தடவினார். முன்னா பயந்துபோய் என்னைப் பார்த்தான். "கனம் ஒண்ணுதான். இது கொஞ்சம் மெத்துன்னு இருக்குது" என்று தீர்ப்புச் சொன்னார். ஓரத்தைத் தொட்டுப் பார்த்து, ரோட்டில் படும் பகுதியின் ரப்பர் எப்படி என்று சொல்ல முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனால் அவரிடம் அதை எப்படிச் சொல்வது?

நேற்று சொன்னதையெல்லாம் மறுபடி முதலிலிருந்து சொன்னேன். உங்களுக்கும் தெரியும், மகனிடம் ஒரு தடவை, அப்பாவிடம் ஒரு தடவை, வராத மாமாவுக்கு ஃபோனில் ஒரு தடவை. ஐயா கவனமாகக் கேட்டார். அவர் தலையாட்டியபோது ஒப்புக்கொண்டுவிட்டார் என்றுகூட நினைத்தேன். அவர் மெதுவாகச் சொன்னார்: "நாங்க சம்மர் ஆர்டருக்கு ஒரு துணி, வின்டர் ஆர்டருக்கு ஒரு துணி ஓட்டறோம் அம்மிணி. எல்லாச் சீசனுக்கும் ஒரே துணின்னு ஒருத்தன் வந்தா, அது எந்தச் சீசனுக்கும் உருப்படியா இருக்காதுன்னுதான் அர்த்தம்."

அதில் பாதி உண்மை. முன்னாவைக் கூப்பிட்டு இரண்டு டயரையும் திரும்ப அடுக்கச் சொன்னேன்.

ஒண்ணு மட்டும்

ஆனால் வழுக்கிய விஷயத்தை மகன் வீட்டில் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. இரண்டு நாள் கழித்து இருவரும் மறுபடி வந்தார்கள். ஐயா முகம் தெளிவாக இருந்தது. "சேரி அம்மிணி, நீ சொல்றதையே போடலாம். மொதல்ல ஒண்ணு போடு" என்றார்.

ஒரு ஜோடியா என்று கேட்டேன். ஒன்றே ஒன்று. ஒரு வாரம் ஓட்டிப் பார்ப்பார்கள். பிடித்திருந்தால் மீதி மூன்று. திருப்பூரில் எல்லாம் அப்படித்தான் நடக்கும். முதலில் சாம்பிள் பீஸ் போகும், வாங்குகிறவர் பார்த்துச் சரி சொல்வார், பிறகுதான் மொத்த ஆர்டர் ஓடும். அந்த வழக்கத்தில்தான் ஊரே சாப்பிடுகிறது. அதைக் காரின் நான்கு சக்கரத்தில் ஒன்றுக்குக் கொண்டுவருவார்கள் என்று எந்த வகுப்பிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

வேண்டாம் என்றேன். மூன்று தேய்ந்த டயர், ஒன்று வேறு வகைப் புது டயர் என்றால் பிரேக் போடும்போது கார் ஒரு பக்கம் இழுக்கும் என்றேன். பதற்றத்தில் உராய்வுக் குணகம் என்றெல்லாம் வாயில் வந்துவிட்டது. பரீட்சையில் எழுதியதை ஒப்பிக்கிற மாதிரி எனக்கே கேட்டது. பாய் என்னை உள்ளே கூப்பிட்டார். "கேக்கறதைப் போட்டுக் குடு அம்மிணி. அடுத்த வாரம் தானா மூணு வாங்குவாங்க" என்றார். அந்த ஒரு வாரத்தில் ஒரு சனிக்கிழமையும் ஒரு திங்கட்கிழமையும் இருக்கின்றன பாய் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆறாவது மாதம் என்பது அவருக்கும் நினைவிருந்தது என்று அந்தப் பார்வையில் தெரிந்தது. வெளியே வந்து, போட முடியாதுங்க என்று மறுபடி சொன்னேன். பழனிசாமி ஐயா கோபப்படவில்லை, அதுதான் கஷ்டம். மகனைப் பார்த்துச் சொன்னார்: "வா போலாம். சாம்பிள் தராதவன் சரக்குல ஏதோ கொறை இருக்குது."

ஊட்டி பஸ்

வெள்ளிக்கிழமை மாலை மழை. மஞ்சள் கார் தனியாக வந்து நின்றது. இடது முன் சக்கரத்தில் மட்டும் பளபளவென்று ஆல் சீசன் டயர். வேறொரு கடையில் அந்த ஒன்றுதான் இருந்ததாம், கேட்ட உடனே போட்டுக் கொடுத்துவிட்டார்கள். முன்னா சுற்றி வந்து பார்த்துவிட்டுத் தன் புதுத் தமிழில், "மூணு கால் செருப்பு, ஒரு கால் ஷூ, மேடம்" என்றான். கிஷோருக்குச் சிரிப்பு வரவில்லை. வருகிற வழியில் ஒரு லாரிக்குப் பின்னால் பிரேக்கை அழுத்தியிருக்கிறார். காரின் மூக்கு இடது பக்கம் திரும்பி, ரோட்டோரம் நின்ற பைக்கை உரசாமல் தப்பியிருக்கிறது. ஸ்டியரிங்கில் கை வைத்தபடியே சொன்னார்.

ஆனால் மறுநாள் அவர் மகளுக்குப் பிறந்தநாள். விடியலில் மேலே போயாக வேண்டும். மீதி மூன்று டயர் இருக்கிறதா என்றார். எங்களிடம் அந்த அளவில் ஒன்றுதான் இருந்தது, மீதிக்குக் கோயம்புத்தூரில் கேட்டோம், திங்கட்கிழமை வரும் என்றார்கள். "மெதுவா ஓட்டிட்டுப் போனா?" என்றார். அந்தக் கேள்விக்கு நான் என்ன சொன்னாலும் அவர் கிளம்பிவிடுவார் என்று தோன்றியது. மூலையில் கிடக்கும் சம்மர் டயர் நாலையும் மாட்டி அனுப்பு என்று பாய் கண் காட்டினார். தேய்ந்ததற்கு அது எவ்வளவோ மேல்தான். நானும் ஒரு நிமிடம் யோசித்தேன். ஆனால் அந்தப் பனியில் அதுவும் விறைக்கும். திங்கட்கிழமை விடியலில் அவர் அதே வளைவில் இறங்குவார். வீட்டில் வேறு கார் இருக்கிறதா என்று கேட்டேன். அதை எடுத்துக்கொண்டு அப்பா ஈரோட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். வேறு ஒன்றும் தோன்றாமல், "பஸ்ல போங்கண்ணா" என்றேன்.

கிஷோர் என்னைப் பார்த்தார், காரைப் பார்த்தார், மழையைப் பார்த்தார். பிறகு கார் சாவியைக் கவுன்டரில் வைத்துவிட்டு ஆட்டோ பிடித்துப் போய்விட்டார். பாய் நாற்காலியில் சாய்ந்து நெற்றியைத் தடவிக்கொண்டு சொன்னார்: "டயர் வாங்க வந்தவனை பஸ்ஸேத்தி விட்ட மொத ஆளு நீதான் அம்மிணி."

முழுச் சட்டை

திங்கட்கிழமை டயர் வருவதற்கு முன்னால் பழனிசாமி ஐயா வந்துவிட்டார். "என்ற பையனை பஸ்ல நிக்க வெச்சு அனுப்பினது நீதானுங்களா?" என்றார். கோபத்திலும் 'ங்க' விடவில்லை. நான் ஆமாங்க என்றேன். அந்த ஞாயிறு முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. கடையில் நின்று சொல்ல வராதது எல்லாம் வீட்டில் துணி துவைக்கும்போது வரிசையாக வரும், உங்களுக்கும் அப்படித்தானே? அப்படி வந்த ஒன்றைச் சொல்லிவிட்டேன்.

"ஐயா, சாம்பிள் தரமாட்டேன்னு நான் சொல்லலீங்க. சாம்பிள்னு சொன்னா முழுச் சட்டைங்க. நீங்க கேட்டது ஒரு கை மட்டும். மூணு பாகம் பழைய லாட் துணியில இருக்கறப்ப, ஒரு கையை மட்டும் புது லாட்ல தைச்சு அனுப்புவீங்களா?"

காரிடம் போய் நின்றார். சட்டையில் லாட், அதாவது ஒரே தடவையில் சாயம் போட்ட துணி, மாறினால் ஆர்டர் திரும்பி வரும், அவ்வளவுதான்; இங்கே திரும்பி வராமல் போகக்கூடியது எது என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கொஞ்ச நேரம் அந்த ஒற்றைப் புது டயரையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்தபோது குரல் இறங்கியிருந்தது: "நாலும் ஒரே லாட்டா போட்டுரு. ஆனா ஒண்ணு சொல்றேன் அம்மிணி, துணி கொஞ்சம் மட்டம்தான்."

ஃபோன்

அடுத்த திங்கட்கிழமை காலை கடை திறந்ததும் கிஷோரின் ஃபோன். அவர் குறைகளிலிருந்து தொடங்கினார். சத்தம் கொஞ்சம் அதிகமாம். அவினாசி ரோட்டில் திருப்பும்போது பழைய துடிப்பு இல்லையாம். நண்பர்கள் கிண்டல் செய்கிறார்களாம். எல்லாவற்றுக்கும் ஆமாங்க, முதலிலேயே சொன்னேனுங்க என்றேன். கடைசியில் நானே கேட்டேன், இன்று காலை இறங்கும்போது அந்த வளைவில் எப்படி இருந்தது என்று. அவர் யோசித்தார். "நல்ல பனிங்க. முன்னாடி போன ஜீப் வழுக்கி நின்னுச்சு" என்றார். உங்கள் வண்டி? கொஞ்சம் ஏமாற்றத்தோடுதான் சொன்னார் என்று நினைக்கிறேன்: "ஒண்ணும் ஆகலீங்க."

அந்த மாதம் முடிந்தது. பாய் வேலையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. முதல் தேதி வழக்கம்போல வந்து, மத்தியானம்வரை பயந்துகொண்டே நின்றேன். பிறகு தாங்க முடியாமல் உள்ளே போய், "பாய், நான் நாளைக்கு வரலாங்களா?" என்று கேட்டேன். அவர் ஃபோனிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "வராம? உன்னைத்தான் கேட்டுட்டு ஒருத்தர் நிக்கறாரு, அவருக்கும் நாலு சக்கரத்துக்கு ரெண்டு டயர்தான் வேணுமாம், போய்ப் பேசு."

ஒன்றும் ஆகாமல் இருப்பதற்காக நாள் முழுக்கத் தொண்டை வற்றப் பேசுவதுதான் எங்கள் தொழில் என்றும், ஒன்றும் ஆகாததற்காக எவரும் நன்றி சொல்ல மாட்டார்கள் என்றும் அந்த ஆறாவது மாதத்தில் தெரிந்துகொண்டு அவரிடம் பேசப் போனேன்.