என் முறைக்கு வந்த டேப் ரெக்கார்டர்

மகளுக்குக் கல்லூரியில் ஏதோ பேச்சுப் பயிற்சியாம். கைபேசியை என் மூக்குக்கு நேரே நீட்டி, "சும்மா பேசுங்கம்மா" என்றாள். நான் கைபேசியைத் தள்ளிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். அவளிடம் சொல்லாத காரணத்தை உங்களிடம் சொல்கிறேன்.

எழுபதுகளின் கடைசியில் ஆசிரியர் கலாசாலையில் படித்தேன். நாலு பேர் முன்னால் நின்றாலே கால் நடுங்கும் கூட்டம் நாங்கள். எங்களைப் பேசவைக்க, பாடம் எடுத்த எங்கள் சேர் ஒரு டேப் ரெக்கார்டர் கொண்டுவந்தார். அதன் தோலுறை வாசனைக்கே எங்களுக்குப் பெருமை. ஆளுக்கொரு வாரம் வீட்டுக்கு எடுத்துப்போய் வீட்டாரைப் பேட்டி காணவேண்டும். இருந்தது ஒரே கேசட். வகுப்பில் போட்டுக் கேட்டபின் அதன் மேலேயே அடுத்தவர் பதிவு செய்வார்.

இலங்கை மலையகத்தில் வட்டகொடைப் பக்கம், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் குடியிருப்பு. கொழுந்து பறித்துவிட்டு வந்த அம்மா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். எனக்கோ வானொலி அறிவிப்பாளர் என்ற நினைப்பு. குரலைக் கனமாக்கி, "தங்கள் பெயர் என்ன? எங்கே பிறந்தீர்கள்?" என்றேன்.

அம்மா மாவுக்கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"இங்கதாங்க ஐயா பொறந்தேன். எங்கப்பாவும் இந்தத் தோட்டந்தாங்க. வேற ஊரு தெரியாதுங்க."

யார் இந்நாட்டுக் குடிமக்கள் என்று பார்த்த பிரஜாவுரிமை விசாரணையில் அதிகாரி முன் நின்று சொன்ன பதில் அது. பெற்ற மகளை ஐயா என்றாள்.

வகுப்பில் முதலில் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு அடங்கிவிட்டது. எல்லார் வீட்டாரும் அந்த விசாரணைக்குப் போய் நின்றவர்கள்தான்.

"அடுத்த தடவ அம்மாவ அம்மாவாவே பேச விடுங்க" என்றார் சேர்.

அதற்குள், தோட்டத்து ஆட்களைத் திருப்பி அனுப்பும் ஒப்பந்தப்படி, அம்மாவுக்கும் அப்பாவுக்கும் இந்தியா போக அரசாங்கம் நாள் குறித்துவிட்டது. எனக்கு மட்டும் இங்கே பிரஜாவுரிமை. முழு வகுப்பின் முன் எழுந்து, என் முறையை முன்னால் தரும்படி கேட்டேன். கால் நடுங்கவில்லை. எல்லாரும் சம்மதித்தார்கள். ஆனால் ரெக்கார்டர் வலப்பனையில் ஒரு தோழி வீட்டில் இருந்தது. மண் சரிந்து பஸ் ஓடவில்லை.

அம்மாவையும் அப்பாவையும் ஏற்றிக்கொண்டு ரயில் போன பிறகுதான் ரெக்கார்டர் வந்தது. கேசட்டில், முன்பு அம்மா பேசியிருந்த இடத்தில், தோழியின் மாமா கோழி வளர்ப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

இந்தியாவில் அவர்கள் குடியேறிய கோத்தகிரியிலிருந்து கடிதங்கள் வந்தன. யாரோ எழுதிக்கொடுத்த கடிதங்கள். "நலம், நலமறிய ஆவல்" என்று அம்மா ஒருநாளும் பேசியதில்லை. பிறகு அவையும் நின்றன. அம்மா சொன்னதெல்லாம் எனக்கு இன்றும் மனப்பாடம். சொன்ன குரல்தான், எவ்வளவு நினைத்துப் பார்த்தாலும், வரமாட்டேன் என்கிறது.