தண்ணி டீச்சர்

அக்கா எந்த வகுப்பிலும் பாடம் நடத்தியதில்லை. ஆனாலும் பள்ளியில் எல்லோருக்கும் அவள் டீச்சர்தான். பல நாள் வராத பிள்ளைகளின் வீடு தேடிப் போவதும், அந்த வீட்டில் எது குறைகிறதோ அதைத் தரக்கூடியவர் ஊரில் எங்கே இருக்கிறார் என்று கண்டுபிடித்துச் சேர்த்துவிடுவதும் அவள் வேலை. புதன்கிழமைகளில் காசு வாங்காமல் கண் பார்க்கும் டாக்டர், விற்காமல் தேங்கிய ஷூக்களை அவளுக்கென்று எடுத்துவைக்கும் கடைக்காரர், மனு எழுத அலுக்காத ஓய்வுபெற்ற குமாஸ்தா என்று அவளுக்கு ஒரு கூட்டமே இருந்தது.

"நான் ஒண்ணும் குடுக்கலடி. வழி காட்டுறேன், அவ்வளவுதான்" என்பாள்.

அவள் வழிகாட்டும் லட்சணம் எனக்குத்தான் தெரியும். சனிக்கிழமைகளில் என் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்துகொண்டு, "இடது பக்கம் திரும்பு" என்று வலது கையை நீட்டுவாள்.

எந்த வீட்டுக்குப் போனாலும் பையைத் திறக்கமாட்டாள். "கொஞ்சம் தண்ணி குடுங்க" என்பதுதான் முதல் பேச்சு. நாம் கேட்பவர்களாக நுழைந்தால் அவர்கள் கொடுப்பவர்கள் ஆகிவிடுவார்கள், அப்புறம் பேசுவது சுலபம் என்பாள். அதில் இன்னொன்றும் இருந்தது. தண்ணீர் எதில் வருகிறது, எவ்வளவு நேரத்தில் வருகிறது என்பதை வைத்தே பாதி வீட்டைப் படித்துவிடுவாள். பிள்ளைகள் அவளுக்குத் தண்ணி டீச்சர் என்று பெயர் வைத்தார்கள்.

"வெளியில சொல்லித் தொலைக்காதே. நான் குடிக்கிறவள்னு நினைச்சுப்பாங்க" என்று சிரிப்பாள்.

ஒரு வருடம், பத்தாம் வகுப்பில் கணக்கில் புலியாக இருந்த ஒரு பெண், பொதுத்தேர்வுக்கு ஆறு வாரமே இருக்கும்போது பன்னிரண்டு நாளாக வரவில்லை. அவள் அம்மா அட்டைப்பெட்டி மடிக்கும் கம்பெனியில் வேலை செய்தார். மூன்றாவது மாடியில், நடைபாதையின் கோடியில் ஒற்றை அறை. கூட்டித் துடைத்து வைத்திருந்தார்கள். புத்தகங்கள் உயர வரிசையில் ஒரு பெட்டிக்குள் நின்றன. பக்கத்தில் மடித்துவைத்திருந்த சீருடையின் காலர் மட்டும் கறுத்திருந்தது. அந்தப் பெண் தலை நிமிரவில்லை.

அக்கா வழக்கம்போல் தண்ணீர் கேட்டாள்.

"உட்காருங்க டீச்சர்" என்று அந்த அம்மா காலிச் செம்போடு வெளியே போனார். அக்கா என் கையை அழுத்தினாள். அதற்குள் பக்கத்து வீட்டுக் குரல் கேட்டுவிட்டது.

"ஏன், உங்க வீட்டுக் குழாய்க்கு என்ன வந்தது? வெட்டிட்டாங்களா? விடியக்காலைல பக்கெட்டோட கீழ இறங்குறப்பவே நினைச்சேன்!"

மூன்று மாடிக்கும் கேட்டிருக்கும். சீருடை துவைக்கத் தண்ணீர் இல்லாததால்தான் அந்தப் பெண் பள்ளிக்கு வரவில்லை. அதை யாருக்கும் தெரியாமல் காத்துவைத்திருந்த வீட்டை நாங்கள் நடுத்தெருவில் நிறுத்திவிட்டோம்.

திரும்பி வந்தவர் டம்ளரை வைத்தார். "குடிச்சிட்டுக் கிளம்புங்க."

அக்கா குடித்தாள். படியிறங்கினோம்.

திங்கட்கிழமை அந்த அம்மா பள்ளி அலுவலகத்துக்கு வந்து டி.சி. கேட்டார். அண்ணன் ஊருக்குப் போகிறாராம். அப்போது டி.சி. வாங்கினால் அந்த வருடத் தேர்வை எங்கேயும் எழுத முடியாது. "வியாழக்கிழமை வரைக்கும் இழுத்துப் பிடிக்கிறேன். அதுக்கு மேல என் கையில இல்ல" என்றார் தலைமையாசிரியை. குடிநீர் அலுவலகத்தில் அக்காவுக்குத் தெரிந்த ஓர் அதிகாரி, பெற்றோர் ஒரு கையெழுத்துப் போட்டால் இணைப்பை மறுபடி கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். அந்த ஒரு கையெழுத்தைத்தான் அந்த அம்மா போட மறுத்தார்.

மறுநாள் மாலை கம்பெனி வாசலில் போய் நின்றோம்.

"தப்பு என்னுதுங்க" என்றாள் அக்கா.

"தண்ணி கேட்டு ஆழம் பாத்தீங்க."

"ஆமா."

அந்தப் பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை. "எத்தனை வீட்டுல இப்படி?"

"பதினேழு வருஷமா, எல்லா வீட்லயும்."

"உங்க வீட்டை யாராவது வந்து பாத்திருக்காங்களா?"

"இல்ல."

"அப்ப நான் பாக்கணும். இப்பவே. உங்க தங்கச்சி ஸ்கூட்டர்ல முன்னாடி பறந்து போய்ப் பெருக்கி வைக்கக் கூடாது. தள்ளிக்கிட்டு நம்மகூடவே வரட்டும்."

அரைமணி நேரம் ஸ்கூட்டரைத் தள்ளினேன். வழியெல்லாம் சோபாவில் குவிந்து கிடக்கும் மூன்று நாள் துணிதான் என் கண்முன் நின்றது.

அவர் ஓர் அறையையும் விடவில்லை. அடுப்படியில் ஒரு மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். "இது என்னிக்கு வெச்சது?"

"முந்தாநேத்து" என்றாள் அக்கா, வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளையைப் போல.

குளியலறைக் கதவைத் திறந்தவர் அப்படியே நின்றார். "இதைக் கழுவ வேண்டியது யாரு?"

நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் கைகாட்டினோம். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்து அந்தத் துணிக் குவியல் மேலேயே உட்கார்ந்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பேப்பர் எங்க?" என்றார்.

புதன்கிழமை தண்ணீர் வந்தது. வியாழக்கிழமை அந்தப் பெண் வகுப்பில் இருந்தாள். காலர் இன்னும் ஈரமாக இருந்தது என்று அக்கா வந்து சொன்னாள். ஆறு வாரம் கழித்துத் தேர்வும் எழுதினாள்.

அதற்குப் பிறகு அக்கா எந்த வீட்டிலும் தண்ணீர் கேட்கவில்லை. "முதல்ல நீங்க எங்க வீட்டுக்கு வாங்க. பெருக்கியெல்லாம் வைக்க மாட்டேன்" என்று வாசலிலேயே அழைப்பாள். வந்தார்கள். யார் யாரோ எங்கள் அலமாரியைத் திறந்து பார்த்தார்கள், எங்கள் அடுப்பைக் குறை சொன்னார்கள், எங்கள் மேஜையில் விண்ணப்பங்களை நிரப்பினார்கள். "இது வீடா, சத்திரமா?" என்று நான் எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறேன். "நீ வேணா குளியலறையைக் கழுவு" என்பாள்.

போன வாரம் அக்கா இறந்துபோன அன்று, வீடு கொள்ளாத கூட்டம். என் அலுவலகத்திலிருந்து வந்தவர் பின்கதவைத் திறக்க முடியாமல் இழுத்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து போவதற்குள், நான் பார்த்தேயிராத ஒரு பெண் அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள்.

"இழுக்காதீங்க சார். அதைக் கொஞ்சம் தூக்கித் திறக்கணும்."