சல்லாரிக்கு வைத்த எல்லை

ஆரையம்பதி சிவதர்ஷன் மீசை அரும்பிய காலம் முதல் தங்கராசா அண்ணனின் இசைக்குழுவில் தாளம் வாசித்தவன். மேடையில் அவன் முன்னால் இரண்டு சாமான்கள் இருக்கும். ஒன்று சாம்ப்ளர், பதிந்த ஓசைகளை உள்ளே வைத்திருக்கும் பெட்டி. மற்றது ரப்பர்ச் சதுரங்களும் குமிழ்களும் கொண்ட மிடி கொன்ரோலர். அதற்கென்று சொந்தச் சத்தம் கிடையாது. சதுரத்தில் தட்டினால் பெட்டிக்குள் இருக்கும் ஓசை எழும்பும். குமிழைத் திருகினால் அந்த ஓசை கூராகும், மழுங்கும், நீளும். எந்தக் குமிழ் எதைச் செய்யவேண்டும் என்று அமைப்பதில் அவன் கெட்டிக்காரன்.

கூத்துக் களரியில் ஆட்டுவிக்கும் அண்ணாவியார் தட்டுகிற சல்லாரி என்ற வெண்கலத் தாளத்தின் ஓசையை அவனே போய்ப் பதிந்து வந்திருந்தான். மெல்லத் தட்டினால் விளிம்பு உரசும், ஓங்கித் தட்டினால் வெண்கலம் முழுக்க அதிரும். கடைசிக் குமிழ் அதன் கூர்மைக்கு. அந்தச் சல்லாரிக்காகவே குழுவைக் கூப்பிட்டவர்கள் உண்டு.

போன வருடம் சல்லாரி மழுங்கத் தொடங்கியது. குமிழைக் கொஞ்சம் கூட்டினான். அடுத்த கச்சேரியில் இன்னும் கொஞ்சம். குமிழ் முடிந்த பிறகு பெட்டியின் அமைப்புகளுக்குள் போய்க் குமிழின் உச்ச அளவையே உயர்த்தினான். வயரை மாற்றினான், ஸ்பீக்கரைக் குறை சொன்னான். பாடகி கம்சாயினி அவன் பக்கம் நிற்காமல் மேடையின் மறுகரைக்குப் போனாள். கொஞ்சம் குறைத்தால் நல்லது என்று தங்கராசா பட்டும் படாமலும் சொன்னதற்கு, ஒரு கிழமை அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

கடைசியில் பெட்டியையும் கொன்ரோலரையும் தூக்கிக்கொண்டு காத்தான்குடியில் ரேடியோ திருத்தும் அஸ்கரிடம் போனான். இருவரும் பழைய கூட்டாளிகள். அஸ்கர் கழற்றித் துடைத்தான், பூட்டினான், தன் ஸ்பீக்கரில் போட்டான். சல்லாரியைத் தட்டியபடி குமிழைக் கூட்டுவதும் குறைப்பதுமாக இருந்தவன், பிறகு சிவதர்ஷனின் முகத்தையே பார்த்தான்.

"மச்சான், பெட்டியில பழுதில்ல."

சிவதர்ஷன் குனிந்து வயரை இழுத்துப் பார்த்தான்.

"இப்ப நான் திருகினது உனக்கு விளங்கினதா?"

"எப்ப திருகின?"

அஸ்கர் ஸ்பீக்கரை நிறுத்தினான். "கடையில நிண்ட ஆக்கள் காதைப் பொத்திக்கொண்டு வெளியில போயிட்டாங்க. நீ டொக்டருக்குக் காதைக் காட்டு மச்சான்."

ஆஸ்பத்திரியில், ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் இருந்த வருடங்களைப் பற்றிக் கேட்டார்கள். மெல்லிய கூர்ச்சத்தங்கள்தான் முதலில் போகும், போனது திரும்பாது என்றார்கள். அதைவிட, இனிமை என்று நினைத்து இத்தனை பேரின் காதைக் குத்தியிருக்கிறேனே என்பதுதான் அவனை அறுத்தது. வீட்டில் மனைவி ஆர்த்திகாவிடம் சொன்னபோது அவள் அழவில்லை. குசினிக்குள் நின்று அவனைக் கூப்பிடுவதை எப்போதோ விட்டுவிட்டதாகச் சொன்னாள். கிட்ட வந்து தோளைத் தொட்டுக் கூப்பிட அவள் பழகியிருந்தாள்.

"ஏன் சொல்லல்ல?"

"சொன்னா வாசிக்கிறத்த விட்டிருவீங்க எண்டு பயந்தன்."

ஒத்துக்கொண்ட கலியாணக் கச்சேரி ஒன்று மிச்சமிருந்தது. அவளை எதிரில் இருத்தி, குமிழைச் சிறிது சிறிதாய் அரக்கித் திருகினான். அவள் முகம் சுளித்த இடத்துக்குச் சற்று முன்னால், குமிழ் எவ்வளவு திரும்பினாலும் சத்தம் அதைத் தாண்டாதபடி எல்லை வைத்தான். அவன் காதுக்கு அங்கே ஒன்றுமே இல்லை.

நகரத்து மண்டபத்தில் மத்தியானம் கச்சேரி. சதுரத்துக்குள் வெளிச்சம் மின்னுவதைப் பார்த்தும் விரல் நுனி திரும்பித் துள்ளுவதை நம்பியும் வாசித்தான். இரண்டாம் பாட்டில் கம்சாயினி ஒலிவாங்கியோடு அவன் பக்கத்தில் வந்து நின்றாள். முடிந்ததும் தங்கராசா முதுகில் தட்டி, இன்றைக்குத்தான் பழைய சல்லாரி என்றார். சிவதர்ஷன் அவரைத் தனியே கூட்டிப்போய் விஷயத்தைச் சொல்லி, வேறு ஆள் பார்க்கும்படி கேட்டான். அவர் அவன் கையைப் பிடித்தபடி நின்றார்.

வீடு திரும்பும் வழியில் மோட்டார் சைக்கிள் கல்லடிப் பாலத்தில் ஏறியபோது, கச்சேரிக்குக் கூட வந்து பின்னாலிருந்த ஆர்த்திகா ஏதோ சொன்னாள். கழுத்தில் மூச்சுப் பட்டது, சொல் வரவில்லை. ஓரமாக நிறுத்தித் திரும்பினான்.

"ஒண்டுமில்ல," என்றாள் அவன் காதருகே. "காத்து நல்லாருக்கு எண்டன்."

தலையாட்டிவிட்டு, மறுபடி வண்டியை எடுத்தான்.