யாரும் ஊற்றாத தண்ணீர்

அந்தக் கோடை லீவில் வீட்டில் இருந்தவர்களைச் சொல்கிறேன். அப்பா இருந்தார், கட்டிலில். அம்மா விடியும்போது இருந்தாள், விளக்கு வைக்கும்போது இருந்தாள்; நடுவில் கரும்புக் கொல்லையில் களை வெட்டினாள். நான் இருந்தேன், மூன்றாம் வகுப்பு முடித்திருந்தேன். வேறு யாரும் இல்லை. முன்பு அப்பாவோடு கரும்பு லோடு ஏற்றியவர்கள் வந்து உட்கார்ந்து பேசுவார்கள். அவருக்குக் கிட்னி போனபிறகு அவர்களும் வருவதில்லை.

கச்சிராயபாளையத்துக்கும் மலைக்கும் நடுவில் எங்கள் ஊர். செவ்வாயும் வெள்ளியும் அம்மா அவரைத் தோளில் தாங்கி டவுன் பஸ்ஸில் ஏற்றிக் கள்ளக்குறிச்சிக்கு அழைத்துப்போவாள். மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்து, உடம்பில் தேங்கிய தண்ணீரை எடுத்து அனுப்புவார்கள். அப்பாவுக்கு ஒன்றுக்கு வராது. குடிக்கிற தண்ணீர் வெளியே போக வழியில்லை. அதனால் ஒரு நாளைக்கு மூன்று டம்ளர்தான். உப்பு கூடவே கூடாது.

மற்ற நாட்களில் நான் காவல். ஒரு டம்ளர் கொடுத்தால் சுவரில் கரியால் ஒரு கோடு. மூன்று கோடு விழுந்ததும் குடத்தை மூடி, மூடிமேல் செங்கல்லை வைத்துவிட வேண்டும். என் வயசுப் பிள்ளைகள் அணைக்குக் குளிக்கப் போகிற வழியில் வாசலில் நின்று கூப்பிடுவார்கள்.

“தண்ணி வாட்ச்மேனு, வரியா?”

“மூணாவது கோடு இன்னும் போடல.”

“போட்டுட்டு வாடி.”

“போட்டப்பறம்தான் காவல் ஜாஸ்தி.”

சிரித்துக்கொண்டு போவார்கள். கொஞ்ச நாளில் கூப்பிடுவதையும் விட்டுவிட்டார்கள்.

அப்பாவுக்கும் எனக்கும் ஒரே விளையாட்டுத்தான். அவர் முழங்காலுக்குக் கீழே எலும்பின்மேல் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தால் குழி விழும், பிசைந்த மாவில் விழுவதுபோல. அது நிரம்பும்வரை நான் எண்ண வேண்டும். மெஷினுக்குப் போய்வந்த மறுநாள் பத்து, பன்னிரண்டு வரும். அடுத்த முறை போவதற்குள் இருபதைத் தாண்டிவிடும். எண்ணிக்கை ஏறினால் நான் ஜெயித்ததாக வைத்துக்கொண்டேன். அப்படி இல்லை என்று அவர் சொல்லவில்லை.

“இன்னிக்கு எத்தினி பாப்பா?”

“இருவத்திரெண்டு.”

“கெட்டிக்காரி.”

ஒரு நாள் அம்மா கொல்லைக்காரர் வீட்டு மரத்தடியில் விழுந்த மாங்காய்களைக் கொண்டுவந்தாள். அவளுக்கும் எனக்கும் கூழுக்குத் தொட்டுக்கொள்ள. காலையில் அரிந்து, கல்லுப்பு போட்டுக் குலுக்கி, ஜாடி வாயைத் துணியால் கட்டிவிட்டு வேலைக்குப் போனாள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். மாங்காயும் உப்பும்தான். ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை.

மறுநாள் மத்தியானம் துணியை அவிழ்த்துப் பார்த்தால் அரை ஜாடி தண்ணீர்.

எனக்கு அப்பாமேல்தான் சந்தேகம் வந்தது. குடத்தில் மொண்டு அங்கே ஒளித்துவைத்திருக்கிறார் என்று நினைத்தேன்.

“ஜாடில தண்ணி ஊத்துனியாப்பா?”

“எந்திரிச்சு நிக்கவே முடியல. நான் எங்க ஊத்துறது?”

“பின்ன யாரு ஊத்துனது?”

“மாங்காதான். உள்ள இருக்கிற தண்ணிய உப்பு இழுத்துக்கும். பாரு, துண்டெல்லாம் சுருங்கிப் போயிருக்கும்.”

சுருங்கித்தான் இருந்தது. ஒரு துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எங்கும் ஓட்டை இல்லை. எந்த வழியாக வெளியே வந்தது என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.

அன்று மூன்றாவது கோடு பத்து மணிக்கே விழுந்துவிட்டது. மேலே தகர ஷீட்டு. அப்பா உதட்டை நக்கிக்கொண்டு ஜாடியையே பார்த்தார். நான் யோசித்தேன். அம்மா சொன்ன மூன்று டம்ளர் குடத்துத் தண்ணீருக்கு. இது யாரும் ஊற்றாத தண்ணீர். ஒரு டம்ளர் வடித்து நீட்டினேன்.

“இதுக்குக் கோடு?”

“இது குடத்துத் தண்ணி இல்லியே.”

டம்ளரை இரண்டு கையாலும் வாங்கினார். ஏழு மாதமாக உப்பு காணாத நாக்கு. ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

பிறகு தாகம் எடுத்தது. எழுந்து நிற்க முடியாதவர் குடம்வரை தவழ்ந்து போனார். செங்கல்லை அவரே எடுத்துக் கீழே வைத்தார். நான் குறுக்கே நிற்கவில்லை. எத்தனை டம்ளர் என்று கோடும் போடவில்லை.

மறுநாள் காலையில் கால் பளபளவென்று இருந்தது. அழுத்திவிட்டு எண்ணினேன். நாற்பது. அவ்வளவு ஒருநாளும் வந்ததில்லை. கத்திச் சொன்னேன். அப்பா கெட்டிக்காரி என்று சொல்லவில்லை. படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அம்மா வந்து காலைப் பார்த்தாள், ஜாடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“யாரு குடுத்தது?”

“நானேதான் குடிச்சேன். புள்ளய ஒண்ணும் கேக்காத.”

“உப்புத் தண்ணியவா? இன்னா, சின்னப் புள்ளயா நீங்க?”

“நாக்கு கேக்கல.”

ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாள். அப்பா அதன்பிறகு இரண்டு வருஷம் இருந்தார். கொடுத்தது நான் என்று அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது.

அவர்கள் திரும்பி வர இரண்டு நாள் ஆயிற்று. சோறும் படுக்கையும் எதிர்வீட்டில். பகலில் எங்கள் வீட்டில் உட்கார்ந்து குடத்தைக் காத்தேன். குடிக்க ஆள் இல்லாத வீட்டில் காவல் தேவையில்லை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சும்மா இருக்கமுடியாமல், சுருங்கிய மாங்காய்த் துண்டு ஒன்றை வெறும் தண்ணீரில் போட்டுவைத்தேன். சாயங்காலம் அது கொஞ்சம் உப்பியிருந்தது. அப்பாவின் கால் ஞாபகம் வந்தது. எடுத்து வெளியே வைத்துவிட்டேன்.

வந்தவர் பாதி ஆளாக இருந்தார். கட்டிலில் உட்கார்ந்ததும் காலை நீட்டினார். அழுத்தினேன். குழி சீக்கிரமே நிரம்பிவிட்டது. எனக்கு அவமானமாக இருந்தது. நாற்பது வந்த கால். உள்ளதைச் சொன்னால் மனசு கஷ்டப்படுவார் என்று தோன்றியது.

“எத்தினி பாப்பா?”

“முப்பத்தஞ்சு.”

அம்மாவின் கையிலிருந்த பை கீழே விழுந்தது. என்னைத் தள்ளிவிட்டு அவளே அழுத்தினாள். உதடு அசைந்தது. அடுத்த காலிலும் அழுத்தினாள். பிறகு தரையில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. பொய் சொன்னதற்கு அடிப்பாள் என்று சுவரோடு ஒட்டி நின்றேன். அடிக்கவில்லை.

“இன்னொரு தபா எண்ணு பாப்பா,” என்றார் அப்பா. “உங்கம்மா காதுல விழுறாப்புல.”

கூட்டிச் சொல்லவும் பயம், குறைத்துச் சொல்லவும் பயம். அம்மா எதற்கு அழுகிறாள் என்றும் தெரியவில்லை. அழுத்தி எடுத்து, சத்தமாக எண்ணினேன்.

எட்டு.