அண்ணன் வாசிக்காத தாளம்

அண்ணனுக்கு அவனுடைய ராக் இசைக்குழுவில் 'இடி' என்று பெயர். வாஷிங் மெஷின் பழுது பார்ப்பது பிழைப்பு, சாயங்காலமானால் டிரம்ஸ். "கடையிலயும் டிரம், வெளியிலயும் டிரம். ரெண்டுலயும் சத்தந்தான் மிச்சம்" என்பாள் அம்மா.

முதல் ஆல்பம் வந்தபோது ஒரு விமர்சகர், தாளம் தள்ளாடுகிறது என்று எழுதினார். பல்லவிக்குத் திரும்புமுன் அண்ணன் ஒரு கணம் தயங்கித்தான் அடிப்பான். அதைத் தெரிந்தே செய்கிறானா என்று நான் கேட்டதில்லை. இரண்டாவது ஆல்பத்துக்காக வருஷம் முழுக்க அந்தத் தயக்கத்தோடு மல்லுக்கட்டினான். பாதிதான் போயிற்று.

ஆல்பம் வெளியான அன்று அதே விமர்சகர் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். வீட்டில் கல்லூரிக்குப் போனவள் நான் மட்டும்தான் என்பதால், படித்துச் சொல்வது என் வேலை. அண்ணன் ஒரு மெஷினின் முதுகைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"பாட்டுல உயிரே இல்லையாம். பாடகி தன்னையே காப்பி அடிக்கிறாங்களாம். டிரம்ஸ் மட்டும் இல்லைன்னா மொத்த ஆல்பமும் படுத்திருக்கும்ங்கறார். அண்ணா, உன்னைத்தான்!"

"இன்னொரு தடவை படி."

படித்தேன். காது வரை சிரித்தான். பிறகு, "பாட்டைப் போடு, கேப்போம்" என்றான். முடிந்த வடிவத்தை அவனும் அதுவரை கேட்டிருக்கவில்லை.

பல்லவி வருவதற்குள் சிரிப்பு போய்விட்டது.

"இது நான் இல்ல."

உடனே பாடகிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான்.

"டேய் இடி, கோவிச்சுக்காதடா. ரெக்கார்டிங்காரர் கம்ப்யூட்டர்ல கொஞ்சம் சரி பண்ணாரு."

"சரி பண்ணாரா, தூக்கிட்டாரா?"

"தூக்கிட்டாரு. கம்ப்யூட்டர் தாளத்தை வெச்சிட்டாரு. சொல்லணும்னுதான் இருந்தேன். விடுடா, எங்களைக் கிழிச்சுத் தொங்கப்போட்டுட்டு உன்னை மட்டும் தலையில தூக்கி வெச்சிருக்காரு அந்த விமர்சகர். சனிக்கிழமை நம்ம கச்சேரிக்கு அந்த ஆள் வர்றாரு. ஆல்பத்துல இருக்கற மாதிரியே வாசிச்சிடு, என்ன?"

போனை வைத்தான்.

"நீ போகாத, அண்ணா. அவங்க அசிங்கப்படட்டும்."

"வேற ஆளை உக்கார வெச்சிடுவாங்க. அப்ப யாருக்கு நஷ்டம்? படிச்சவ, சொல்லு."

விமர்சனத்தைப் படித்துச் சொன்னவளும் நான்தான். அச்சில் வந்த புகழ்ச்சியைப் பார்த்ததும் குதித்தேனே, அவன் வாசிப்பை நான் எப்போதாவது ஒழுங்காகக் கேட்டிருக்கிறேனா?

அந்த வாரம் முழுக்க ஹெட்போனில் கம்ப்யூட்டர் தாளத்தைக் கேட்டுக்கொண்டே கால்முட்டியில் தட்டிப் பழகினான்.

சனிக்கிழமை, பல்லவிக்கு முன் அந்தத் தயக்கம் வரும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். வரவில்லை. இம்மி பிசகாமல் வாசித்தான். கூட்டம் எழுந்து நின்று கத்தியது. விமர்சகர் மேடைக்கே வந்து, "ரொம்ப உழைச்சிருக்கீங்க" என்று கைகொடுத்தார். வியர்த்த கையைப் பேன்ட்டில் துடைத்துவிட்டு அண்ணனும் கொடுத்தான்.

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் என் பக்கம் பார்க்காமல் கேட்டான்: "எப்படி இருந்துச்சு?"

நல்லா இருந்தது என்றால் அது அந்தக் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேரும். இல்லை என்றால், வாசித்ததென்னவோ அவன் கைகள்தான்.

"கை வலிக்குதா?" என்றேன்.

"ம்" என்றான்.